உட்காராத மாப்பிள்ளை

புருஷோத்தமனைப் பற்றி உப்பளம் முழுக்கப் பரவிய சேதி பொய். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம் நம்மைச் சேரும். அவனுக்கு அந்த இடத்தில் எந்தக் கோளாறும் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. வினை முழுவதும் ஒரு சட்டையும் ஒரு பேன்ட்டும் செய்தது.

பாண்டிச்சேரி என்றிருந்த பெயர்ப் பலகைகளையெல்லாம் அழித்துப் புதுச்சேரி என்று எழுதிக்கொண்டிருந்த சமயம். துமாஸ் வீதியில் ஒரு பழைய மஞ்சள் வீட்டின் முன்கட்டில் சூசான் மதாம் துணிக்கடை வைத்திருந்தார். தமிழ்க் குடும்பம்தான், குடியுரிமை பிரான்சு. இருபது வருஷம் அந்த நாட்டு நோர்மாந்தியில் இருந்தவர். அங்கே வயல் வயலாக நீலப் பூ பூத்துக் கிடக்கும் ஆளிச்செடியிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டு, ஊர் திரும்பியதும் அந்தச் செடியின் நாரில் நெய்த லினனைத் தவிர வேறு துணியைக் கடைக்குள் விடுவதில்லை என்று சபதம் போட்டிருந்தார். பாலியெஸ்டர் உடுத்தி வருகிறவர்களை மழையில் நனைந்த பூனைக்குட்டியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுப்பார். அப்புறம்தான் வியாபாரம்.

அந்தக் கடையில் விற்பனைக்கு இருந்தவன் புருஷோத்தமன். வயசு இருபத்தெட்டு. பாகூருக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு பருத்திக்கு மருந்தடித்து, தலைசுற்றி இரண்டு நாள் பாயில் கிடந்தவன். அதனால் மதாம் லினனின் பெருமையைச் சொன்னபோது இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட அவனால் முடியவில்லை. மழைத் தண்ணீரே போதுமாம், மோட்டார் வேண்டாம். பூச்சிமருந்து பேருக்குத்தான். தண்டு நாராகும், விதை எண்ணெயாகும், மிச்சச் சக்கைகூடக் குப்பைக்குப் போகாது. துணி இருபது வருஷம் உழைக்கும். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். கடைசியில் தோட்டத்தில் புதைத்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். இத்தனை நல்ல குணம் சேர்ந்து இருக்கிற மனுஷர் எவரும் தன் சொந்தத்தில் கிடையாது என்று அவனுக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து அவன் லினன் பக்தன். வாடிக்கையாளரிடம் மட்டுமா, பஸ் கண்டக்டரிடமும் டீ மாஸ்டரிடமும்கூட ஆளிச்செடிப் புராணம் பாடினான். "கசங்குமேப்பா" என்று யாராவது முகத்தைச் சுளித்தால் நெஞ்சில் கையை வைத்துக்கொள்வான்.

"கசங்குறதுதான் சார் அதோட அழகே. இந்த ஆளு நல்லா வாழ்ந்திருக்கான்னு சட்டையே சொல்லும்."

எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். ஊழியர் விலையில் எடுத்த சந்தன நிற லினன் சட்டையையும் பேன்ட்டையும் போட்டுக்கொண்டு முதல் நாள் அவன் பஸ்ஸில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனபோது, அம்மா அஞ்சலாட்சி வாசலிலேயே மறித்தாள். அவளைப் பொறுத்தவரை கசங்கின சட்டைக்காரர்கள் இரண்டே ஜாதி. சாராயக்கடையில் விழுந்து எழுந்தவன் ஒன்று, பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்தவன் மற்றது.

"என்னாடா இது, மாடு மென்னு துப்புனாப்ல!"

அந்தச் சொல் முள்ளாகத் தைத்துவிட்டது. லினனையும் விட முடியாது, அம்மா வாயையும் தாங்க முடியாது. ஒரு ராத்திரி யோசித்துவிட்டுப் புருஷோத்தமன் ஒரு வழி கண்டுபிடித்தான். லினன் உடம்பில் இருக்கும்வரை உட்காருவதில்லை.

காலி பஸ்ஸிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சீட்டுங்க சும்மாதான கெடக்குது, எந்த சாமிக்கு வேண்டுதல்?" என்று கண்டக்டர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். மத்தியானச் சோற்றை அலமாரி மேல் வைத்து நின்றபடியே சாப்பிட்டான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து துணியை ஹேங்கரில் மாட்டி, லுங்கிக்கு மாறி, "அப்பாடா" என்று உட்காரும்போது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

வம்பு கல்யாணப் பேச்சில் வந்தது.

தரகு பார்க்கிற தனக்கொடி ஒரு ஜாதகம் கொண்டுவந்தாள். பெண் பேர் ஹேமலதா. உப்பளத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அப்பா கோவிந்தசாமி, முப்பத்து மூன்று வருஷம் சிவப்புத் தொப்பி போட்டு ஓய்வு பெற்ற போலீஸ்காரர். போட்டோ நன்றாகத்தான் இருந்தது, ஆனால் போட்டோவில் யார்தான் நன்றாக இல்லை? புருஷோத்தமன் ஒருநாள் விக்ஸ் வாங்குகிற சாக்கில் அந்த மருந்துக்கடைக்குப் போய் நின்றான்.

அவனுக்கு முன்னால் ஒரு கிழவர். மாத்திரையை எப்போது போடுவது என்று ஹேமலதா அவருக்குச் சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். எழுத்து தெரியாது என்றார். அவள் கோபப்படவில்லை. அட்டைப் பெட்டியை வாங்கி, ஒரு பக்கம் சூரியன் வரைந்தாள், இன்னொரு பக்கம் சந்திரன் வரைந்தாள். சூரியனுக்குக் கதிர்கூடப் போட்டாள். கிழவர் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சூரியனைப் பார்த்த மாத்திரத்தில் புருஷோத்தமன் விழுந்துவிட்டான். கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துகொண்டு, விக்ஸை வாங்க மறந்து வெளியே வந்தான்.

பெண் பார்க்கிற நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா பீரோவிலிருந்து பளபளவென்று ஒரு நீலச் சட்டையை எடுத்து நீட்டினாள். அவன் ஒரே பிடியாக மறுத்தான். நாலு பேருக்கு லினன் விற்கிறவன் நல்ல நாளில் வேறு துணி போட்டால் அது திருட்டுத்தனம் என்றான். அஞ்சலாட்சி தலையில் அடித்துக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, சந்தன நிறச் சட்டையையும் பேன்ட்டையும் தானே பெட்டி போட்டுக் கொடுத்தாள். மடிப்பு தப்பாமல் கத்தி மாதிரி நின்றது.

"நல்லா கேட்டுக்க. இது இன்னா வெலன்னு வாயத் தொறக்கக் கூடாது. ஊதாரின்னு நெனச்சிடுவாங்க. கசங்கும்னும் சொல்லக் கூடாது. கசங்குற துணிக்கி அவ்ளோ காசு குடுத்தவன், மூளை இல்லாதவன்னு நெனச்சிடுவாங்க. ஆயிரம் பொய் சொல்லி கல்யாணம் பண்ணலாம்னு சொல்லுவாங்க. நீ ஒரு பொய்யும் சொல்ல வேணாம். சட்டையப் பத்தி மூச்சு வுடாம இரு, போதும்."

சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்பா ராமலிங்கமும் கூட வந்தார். பேச வேண்டியதையெல்லாம் அஞ்சலாட்சியே பேசிவிடுவதால் அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

கோவிந்தசாமி வீட்டுக் கூடத்தில் பிரம்பு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. "ஒக்காருங்க தம்பி" என்றார் அவர்.

"இருக்கட்டுங்க."

"அட, ஒக்காருங்க."

"பரவால்லீங்க, நீங்க ஒக்காருங்க."

விருந்தாளி நிற்கும்போது வீட்டுக்காரர் உட்காருவது முறையில்லை. கோவிந்தசாமி எழுந்தார். புருஷன் நிற்பதைப் பார்த்து அவர் பெண்சாதியும் எழுந்தாள். சம்பந்தி எழுந்துவிட்டாளே என்று அஞ்சலாட்சி எழுந்தாள். அவள் எழுந்தபின் ராமலிங்கம் எப்படி உட்கார்ந்திருப்பார்? பத்து நிமிஷத்தில் கூடத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், தேசிய கீதம் ஒன்றுதான் பாக்கி.

தட்டு வந்தது. கேசரி, மிளகாய் பஜ்ஜி. புருஷோத்தமன் பஜ்ஜியைப் பார்த்தான். அதிலிருந்து எண்ணெய் சொட்டத் தயாராக இருந்தது. லினனில் எண்ணெய் பட்டால் அவ்வளவுதான். பஜ்ஜியை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கேசரியை மட்டும் தொட்டான். அப்போதுதான் காபியோடு ஹேமலதா வந்தாள். அவனை ஏறிட்டுப் பார்த்தாள். ஒதுங்கிக் கிடந்த பஜ்ஜியைப் பார்த்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு கனிவு வந்தது. அவனுக்கு ஜிவ்வென்று இருந்தது.

"நீங்க ஏன் ஒக்காரல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சத்தியம் செய்திருக்கிறான். சட்டையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. "நின்னாதாங்க எனக்கு சொகம். ஒக்காந்தா வம்பு."

"எத்தினி நாளா இப்டி?"

"ரெண்டு வருஷமா."

"காரம் சேத்துக்க மாட்டீங்களா?"

"பஜ்ஜி கிஜ்ஜின்னா பயங்க."

"தண்ணி நெறய குடிப்பீங்களா?"

தண்ணீர் என்றதும் அவனுக்குள் இருந்த லினன் பக்தன் விழித்துக்கொண்டான். "தண்ணிய எவ்ளோ கொறைக்க முடியுமோ அவ்ளோ கொறைக்கணும்ன்றதுதாங்க என் கொள்கை."

ஹேமலதா பெருமூச்சு விட்டு உள்ளே போனாள். வழக்கமாகப் பெண் பார்க்கப் போனால் பெண் ஒரு வார்த்தை பேசினாலே அதிசயம். இவள் நாலு கேள்வி கேட்டிருக்கிறாள், அத்தனையும் அவன் சௌகரியத்தைப் பற்றி! திரும்பும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாகூர் வரை அவன் சிரித்துக்கொண்டே நின்றான்.

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கடைக்கு வந்து ஓரமாக நின்று, மற்ற ஆட்கள் எல்லாம் போனபின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு களிம்பு கேட்கிறவர்களை ஹேமலதா மாசத்துக்குப் பத்துப் பேராவது பார்க்கிறாள். "பாவம்மா, மூலம். ரெண்டு வருஷமா வச்சிக்கினு கஷ்டப்படுறாரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா போலீஸ். விசாரணை தொடங்கியது.

மூன்று நாள் கழித்து, பூப்போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் சூசான் மதாம் கடைக்குள் நுழைந்தார். மாறுவேஷமாம். புருஷோத்தமனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிற மாமனாரை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வது மரியாதை இல்லை என்று, தெரியாதவன்போல் கும்பிட்டான்.

"இந்தத் துணியில என்னா விசேஷம்?" என்றார் கோவிந்தசாமி, குரலையும் மாற்றி.

வியாபாரத்தில் தன் திறமையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? அவன் மழைத் தண்ணீரில் ஆரம்பித்தான். நீலப் பூவைச் சொன்னான். மண்ணோடு மண்ணாவதைச் சொன்னான். மாமனார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சரி, உடம்புக்கு நல்லது என்று சொன்னால் வயசானவருக்குப் பிடிக்கும் என்று அந்தப் பக்கம் திரும்பினான்.

"காத்தோட்டமா இருக்கும் சார். வேர்வைய இழுத்துக்கும். மேலுக்கு ஒட்டாது. புண்ணு கிண்ணு இருந்தாக்கூட உறுத்தாது."

கோவிந்தசாமி கண்ணாடியைக் கழற்றினார். "எங்க புண்ணு இருந்தா?"

"எங்க இருந்தாலும் சார்."

"அனுபவமா சொல்றியா?"

"ரெண்டு வருஷ அனுபவம் சார்!"

அவர் ஒரு சின்ன நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டார். "இவ்ளோ நேரமா நிக்கிறியே, ஒரு நாற்காலி போட்டுக்கக் கூடாதா?" என்று கேட்டார். "நாற்காலியப் பாத்தாலே நடுக்கம் சார்" என்று புருஷோத்தமன் வேடிக்கையாகச் சொன்னான். அதையும் எழுதிக்கொண்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது போதாதென்று, வாசல் வரை போய் வழியனுப்பியும் வைத்தான்.

மறுநாள் காலை தனக்கொடி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள். முகம் தொங்கியிருந்தது.

"தரகர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் மறைக்கலாமாடா? எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பக்குவமா எடுத்துச் சொல்லியிருப்பன் இல்ல?"

"என்னத்த மறைச்சேன்?"

அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் காதில் சொன்னாள். புருஷோத்தமனுக்குத் துமாஸ் வீதி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பஜ்ஜியும் நாற்காலியும் புண்ணும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. தன் வாயாலேயே, எவரும் அடிக்காமல், தானே முழு வாக்குமூலம் கொடுத்திருக்கிறான்.

"சம்பந்தம் வேணாம்னுட்டாங்க. மொதல்ல ஒடம்பப் பாத்துக்கச் சொன்னாரு அவங்கப்பா. இந்தா, பெரிய மார்க்கெட்டுல நல்லதாப் பாத்து அவரே வாங்கிக் குடுத்தாரு." பைக்குள்ளிருந்து இரண்டு கிலோ கருணைக்கிழங்கு வெளியே வந்தது. "இது அந்தப் பொண்ணு குடுத்தது. அப்பாவுக்குத் தெரியாது."

ஒரு களிம்புப் பெட்டி. வேண்டாம் என்று தள்ளிவிட்ட மாப்பிள்ளைக்கு யாராவது மருந்து கொடுத்து அனுப்புவார்களா? புருஷோத்தமன் அதைத் திருப்பிப் பார்த்தான். அட்டையின் ஒரு பக்கம் சூரியன், இன்னொரு பக்கம் சந்திரன். சூரியனுக்கு எட்டுக் கதிர். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கிழங்கை ஒரு கையிலும் களிம்பை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, நின்றபடியே அழுதான்.

உள்ளேயிருந்து வந்த சூசான் மதாம் முழுக் கதையையும் தனக்கொடியிடம் கேட்டார். "மோன் தியு, கடவுளே!" என்று வாயைப் பொத்தினார். பிறகு பொத்தின வாய்க்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்து, அடக்க முடியாமல், விலையுயர்ந்த லினன் உடுப்போடு வாசற்படியில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். எழுந்தபோது அவர் பாவாடையில் ஆயிரம் கோடு விழுந்திருந்தது. அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

"புருஷோ, கசங்குறதுதான் அழகுன்னு ரெண்டு வருஷமா ஜனங்ககிட்ட சொல்லி வித்தியே. அதெல்லாம் பொய்யா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நீலப் பூவையும் மழைத் தண்ணீரையும் மனசார நம்பினான். கசங்கலை மட்டும் நம்பவில்லை. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

"நிக்கிறதுக்கு ஒனக்கு நான் சம்பளம் குடுக்கல. அலே, போ. போயி அந்தப் பொண்ணு முன்னாடி ஒக்காரு."

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவன் உப்பளம் போனான். கடை இஸ்திரிப் பெட்டியில் சூடாகத் தேய்த்த அதே சந்தன நிற ஜோடி. வெயிலில் நடந்தே போனான், ஒரு மடிப்புக் கலையாமல். சாயங்காலமானால் கோவிந்தசாமி மகள் வேலை செய்கிற மருந்துக்கடை வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார் என்று தனக்கொடி சொல்லியிருந்தாள். இருந்தார். ஹேமலதா கல்லாவுக்கு அந்தப் பக்கம் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

புருஷோத்தமன் களிம்புப் பெட்டியை அவள் முன்னால் வைத்தான். "இத திருப்பி எடுத்துக்குவீங்களா?"

"சீலு ஒடையலன்னா எடுத்துக்குவோம்" என்றாள், பழக்க தோஷத்தில். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து மூடியைப் பார்த்தாள். சீல் உடையவில்லை. "ஏன் போடல?"

"எனக்கு அந்த வியாதி இல்லீங்க. இந்தத் துணி ஒக்காந்தா கசங்கும். கசங்கக் கூடாதுன்னு ரெண்டு வருஷமா நின்னுக்கினே இருந்தேன். அவ்ளோதான்."

பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது. "தம்பி" என்றார் கோவிந்தசாமி, எழுந்து வந்து. "முப்பத்தி மூணு வருஷத்துல நான் எவ்ளோ பொய் கேட்டிருக்கேன் தெரியுமா? சட்ட கசங்கும்னு ஒருத்தன் ரெண்டு வருஷம் ஒக்காராம இருந்தானாம். இதவிட நல்ல பொய்யா ஒண்ணு சொல்லக் கூடாதா?"

"நம்ப வேணாங்க. பாருங்க" என்றான் புருஷோத்தமன். "ஒரு மணி நேரம் இங்க ஒக்காருறேன்."

பிரஷர் பார்க்கிறவர்களுக்காக ஒரு மர ஸ்டூல் கிடந்தது. மெத்தை கிடையாது. ஆணி ஒன்று லேசாகத் தலையைத் தூக்கியிருந்தது. கோவிந்தசாமி ஸ்டூலை ஆட்டிப் பார்த்தார். அவருக்குள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் எழுந்துவிட்டார். சாட்சி இல்லாமல் எழுதுகிற போலீஸ் மகசர் செல்லாது என்று, வாசலில் நின்ற ஆட்டோக்கார கொளஞ்சியையும் சளி மருந்து வாங்க வந்த ஆயம்மாவையும் பிடித்து நிறுத்தினார்.

"முன்னாடி திரும்பு. சரி. பின்னாடி திரும்பு." நோட்டைத் திறந்து சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினார். "மாலை நாலு இருவது. மேல் சட்டை, கால் சட்டை, முன்பக்கம் பின்பக்கம், கசங்கல் எதுவும் இல்ல. சாட்சிங்க பாத்துக்கங்க. ம், ஒக்காரு."

புருஷோத்தமன் உட்கார்ந்தான்.

பயமாகத்தான் இருந்தது. முழங்காலில் துணி சுருங்குவதை உணர்ந்தான். இடுப்பில் மொறுமொறு என்று கோடு விழுவது தெரிந்தது. அம்மாவின் குரல் காதில் கேட்டது. மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாம் அவனை ஒரு தரமும் ஸ்டூலை ஒரு தரமும் பார்த்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கவே நாலு பேர் வந்தார்கள். கோவிந்தசாமி எதிரில் நின்று, வலி தெரிகிறதா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆணி மேல ஒக்காந்திருக்கான்யா, அசங்கல பாரு" என்றான் கொளஞ்சி, உண்மையான மரியாதையோடு.

கால் மணி நேரம் போனது. கடை மின்விசிறியின் காற்று சட்டைக்குள் நுழைந்து முதுகு வழியாக வெளியே போயிற்று. இரண்டு வருஷமாக விறைத்துக்கொண்டிருந்த தோள் தானாக இறங்கியது. துணி உடம்போடு சேர்ந்து வளைந்து கொடுத்தது, எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் ஒட்டவில்லை. அட, இது இவ்வளவு சுகமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு வருஷமாக விற்ற பொருளை அன்றைக்குத்தான் அவன் உண்மையில் உடுத்தினான். சும்மா இருப்பானேன் என்று ஆயம்மாவிடம் ஆளிச்செடியைப் பற்றி ஆரம்பித்தான்.

"மருந்தே அடிக்காம வெளயுதா?" என்று ஆயம்மா சளியை மறந்து கேட்டாள்.

"ரொம்பக் கம்மி பாட்டி. போட்டுப் போட்டு நைஞ்சதும் பொதைச்சிட்டா செடிக்கு எருவாயிடும்."

"அப்ப எங்களுக்கு மேல தேவலையே. எங்கள பொதைக்கக்கூட மேளக்காரன் காசு கேக்குறான்."

ஹேமலதா மாத்திரை எண்ணுவதுபோல் பாவனை செய்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே அட்டையை நாலாவது தடவையாக எண்ணுவதை அவன் கவனித்தான். தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று அவன் சொன்னதன் அர்த்தம் இப்போது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது.

"அஞ்சு இருவது" என்றார் கோவிந்தசாமி. "எழுந்திரு. திரும்பு."

திரும்பினான். சட்டையின் முதுகில் ஊர்ப்பட்ட கோடு. பேன்ட்டின் பின்பக்கம் வாழைச் சருகு மாதிரி சுருண்டு கிடந்தது. ஆணி உட்கார்ந்த இடம்கூடத் தனியாகத் தெரிந்தது. அங்கே அம்மா இருந்திருந்தால் மாட்டையே அழைத்துவந்து மன்னிப்புக் கேட்டிருப்பாள். கோவிந்தசாமி குனிந்து, நிமிர்ந்து, கண்ணாடியைப் போட்டு மறுபடி குனிந்தார்.

"என் சர்வீஸ்ல இவ்ளோ தெளிவான தடயம் பாத்ததில்ல" என்றார். கடைசியில் நோட்டில் எழுதினார். "ஒக்காந்தது நெஜம். கசங்குனது நெஜம். சீலு ஒடையல. கேஸ் தள்ளுபடி." நோட்டை மூடிவிட்டுக் கொஞ்சம் சங்கடத்தோடு கேட்டார். "அந்தக் கெழங்கு என்னாச்சி?"

"மதாம் வீட்டுல வறுவல் பண்ணிட்டாங்க மாமா."

மாமா என்று சொன்னதைக் கூட்டம் முழுக்கக் கேட்டது. அவர் மறுக்கவில்லை. ஆனால் கடைசித் தீர்ப்பு தன்னுடையது அல்ல என்று அவருக்கும் தெரியும். மகளைப் பார்த்தார்.

புருஷோத்தமன் அவள் பக்கம் திரும்பினான். கசங்கினது கசங்கினதுதான், இனி மறைக்க ஒன்றும் இல்லை. "துணி என்ன வெலன்னும் சொல்லிடுறேங்க. ஜோடி மூவாயிரத்து எரநூறு. எனக்குப் பாதி வெலைக்குக் குடுத்தாங்க. ரெண்டு வருஷமா இது ஒண்ணுதான், இன்னும் பதினெட்டு வருஷம் வரும்" என்றான் ஒரே மூச்சில். அம்மாவுக்குச் செய்த சத்தியம் அத்தோடு தீர்ந்தது.

ஹேமலதா களிம்பை எடுத்து அலமாரியில் வைத்தாள். வெறும் அட்டைப் பெட்டியையும் பேனாவையும் எடுத்தாள். சூரியனுக்குக் கீழே என்னவோ வரைந்தாள். சந்திரனுக்குக் கீழேயும் அதையே வரைந்தாள். பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

நாலு கால், ஒரு முதுகு. நாற்காலி.

"காலையில ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை, நல்லா ஒக்காரணும்" என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது, குரல் மட்டும் மருந்துக்கடைக் குரல். "கசங்குதேன்னு பாதியில நிறுத்திடக் கூடாது."

"எத்தினி நாளைக்கிங்க?" என்று கேட்டான் புருஷோத்தமன்.

"ஆயுசுக்கும்" என்று சொல்லிவிட்டு, ஹேமலதா ஆயம்மாவுக்குச் சளி மருந்து எடுக்கத் திரும்பினாள்.